பெட்டிக்கு முன்னால் ஃபைல்: பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகத்தில் க்யூரேட்டராகச் சேர்கிறவர்களுக்கு

என் அம்மாவைப் பொறுத்தவரை நான் "அமெரிக்காவுல மியூசியத்துல படம் மாட்டுற" ஆள். எத்தனையோ முறை திருத்திப் பார்த்துவிட்டேன், பலிக்கவில்லை. உண்மையில் படம் மாட்டுவது பிரிப்பரேட்டர் என்ற இன்னொருவரின் வேலை. நான் ஏணியில் கால் வைத்தாலே எங்கள் பிரிப்பரேட்டர் முகம் சுளிப்பார்.

நாட்டின் நடுமேற்குப் பகுதியில் ஒரு நடுத்தரப் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம் எங்களுடையது. அச்சோவியங்கள், கோட்டோவியங்கள், புகைப்படங்கள் என் பொறுப்பு. "நீங்கள் இந்தியர்தானே" என்ற ஒரே தகுதியில் இந்தியச் சிற்பங்களும் என் தலையில் வந்து விழுந்தன. இந்த வேலைக்கு வர நினைக்கும் நம்மவர்கள் அவ்வப்போது கேட்கும் கேள்விகளுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். நம் ஊர் அரசு அருங்காட்சியகங்களில் காப்பாட்சியர் என்று சொல்வார்கள். இங்கே பேச்சில் எல்லோரும் க்யூரேட்டர் என்பதால் நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

முதலில், எங்கே சேருகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஊர் அருங்காட்சியகமும் பல்கலைக்கழக அருங்காட்சியகமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். வெள்ளைச் சுவர், அமைதி, மூலையில் ஸ்டூல் போட்டு ஒரு காவலர். ஆனால் இங்கே முதலாளி பல்கலைக்கழகம், முதல் வாடிக்கையாளர் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நமக்கு உபரி வருமானம் மாதிரி. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பதினான்கு மாணவர்களுடன் ஒரு பேராசிரியர் வந்து நிற்பதுதான் அன்றாடச் சோறு.

இது பழைய வழக்கம். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் 1683 இல் திறந்தபோதே அதில் ஆய்வுக்கூடமும் பாட அறையும் இருந்தன. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடம் 1832 இல் தொடங்கிய கதை இன்னும் சுவையானது. ஜான் ட்ரம்புல் என்ற ஓவியர், அமெரிக்க விடுதலைப் போரைத் தீட்டியவர், வயதான காலத்தில் கையில் காசில்லாமல் தன் ஓவியங்களை யேலிடம் கொடுத்து, பதிலுக்கு வருஷம் ஆயிரம் டாலர் வாங்கிக்கொண்டார். இறந்த பிறகு தன்னையும் தன் படங்களுக்குக் கீழேயே புதைக்கச் சொல்லிவிட்டார். படங்கள் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது அவர் எலும்புகளும் கூடவே போயின. கொடையாளர்களின் நிபந்தனைகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நான் சொல்லும் முதல் உதாரணம் இதுதான். கொடையாளர்களைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

உள்ளே நுழைவது

நடைமுறையை மட்டும் சொல்கிறேன். பெரும்பாலான இடங்களில் கலை வரலாற்றில் முதுகலை குறைந்தபட்சம். "ஆசியக் கலை", "அச்சோவியங்கள்" என்று துறை பிரித்த க்யூரேட்டர் பதவிக்கு முனைவர் பட்டத்தை எதிர்பார்ப்பார்கள். வகுப்புகளுக்குப் பொருட்களை ஏற்பாடு செய்வதற்கென்றே தனி க்யூரேட்டர் பதவிகளும் உண்டு. அவற்றில் பாடம் நடத்திய அனுபவத்துக்குத்தான் மதிப்பு. இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குப் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகவியல் துறை நல்ல தொடக்கம். 1952 முதல் நடக்கிற துறை அது.

படிக்கும்போதே அதே வளாக அருங்காட்சியகத்தில் மணிக்கணக்குச் சம்பளத்தில் ஏதாவது ஒரு வேலையைப் பிடியுங்கள். பெட்டிக்கு லேபிள் ஒட்டுவதாக இருந்தாலும் சரி. பொருளைக் கையால் தூக்கிப் பழகியவரா என்பது நேர்காணலில் பத்தே நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஒரு நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே "இந்தப் படத்தை அந்த மேசைக்குக் கொண்டுபோங்கள்" என்பதுதான். சரியான விடை, உடனே தூக்காமல், முதலில் அந்த மேசை காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது.

விசா விஷயத்தில் இரண்டு சங்கதிகள். கலை வரலாறு அறிவியல் பட்டியலில் இல்லாததால் படிப்பு முடிந்தபின் வேலை செய்யக் கிடைக்கும் அவகாசம் 12 மாதம்தான்; பொறியியல் படித்த நண்பர்களுக்குக் கிடைக்கும் நீட்டிப்பு நமக்கில்லை. மறுபக்கம், பல்கலைக்கழகமே நேரடியாக வேலைக்கு எடுத்தால் ஹெச்-1பி குலுக்கலில் நிற்க வேண்டியதில்லை. ஆண்டு உச்சவரம்பு அவர்களுக்குப் பொருந்தாது. கட்டணமும் விதியும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அதனால் வேலை கைக்கு வருமுன்பே அந்தப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

முதல் மாதம் கண்காட்சி பற்றிப் பேசாதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு இது. நானும் செய்தேன். சேர்ந்த இரண்டாம் வாரத்தில் மூன்று கண்காட்சி யோசனைகளுடன் இயக்குநர் அறைக்குப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கிடங்கைப் பார்த்துவிட்டீர்களா?" என்றார். பார்க்கவில்லை.

ஆகவே முதலில் கிடங்கு. ரெஜிஸ்ட்ராரோடு போங்கள். பல்கலைக்கழகத்தில் ரெஜிஸ்ட்ரார் என்றால் மதிப்பெண் பட்டியல் தருகிறவர் என்று நினைப்போம். அருங்காட்சியகத்தில் அவர் வேறு ஆள்: ஒவ்வொரு பொருளும் எந்த அறையில், எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறது, அது யாருடைய சொத்து, எந்தக் காகிதத்தின் பலத்தில் நம்மிடம் இருக்கிறது என்பதெல்லாம் அவர் கையில். அவரைப் பகைத்துக்கொண்ட க்யூரேட்டர் உருப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. நீங்கள் பெட்டியை ஒரு தட்டு தள்ளி வைத்தால்கூட கணினிப் பதிவில் இடம் மாற வேண்டும். "அப்புறம் போட்டுக்கலாம்" என்று விட்ட பொருளைத் தேடி நான் ஒரு முழு வெள்ளிக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

அடுத்தது எண். 1974.23.2 என்று ஒரு பொருளில் பென்சிலால் எழுதியிருந்தால், 1974 ஆம் ஆண்டு, அந்த ஆண்டில் வந்த 23 ஆம் வரவு, அந்த வரவில் இரண்டாவது பொருள் என்று அர்த்தம். பழைய இடங்களில் 1920களின் எண் முறை வேறாக இருக்கும். சிலவற்றில் எண்ணே இருக்காது. "கிடங்கில் கண்டெடுத்தது" என்று ஒரு தனி வகையே உண்டு. சிரிக்காதீர்கள், உங்கள் இடத்திலும் இருக்கும்.

கையாளும் விதிகள் சில, மிச்சத்தைப் பிரிப்பரேட்டர் சொல்லித் தருவார்: பொருள் இருக்கும் அறையில் பேனா கூடாது, பென்சில் மட்டும். உலோகத்துக்கும் புகைப்படத்துக்கும் நைட்ரைல் கையுறை. காகிதத்துக்குப் பெரும்பாலும் நன்றாகக் கழுவித் துடைத்த வெறுங்கைதான், கையுறை போட்டால் விளிம்பு உணர்வு போய்க் கிழித்துவிடுவோம். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைச் சட்டைக்குள் போடுங்கள். கைப்பிடியைப் பிடித்து எதையும் தூக்காதீர்கள், அது பானையாக இருந்தாலும், கைப்பிடி அதற்காகவே செய்ததாக இருந்தாலும்.

ஃபைலைப் படியுங்கள்

என்னைக் கேட்டால் இந்த வேலையில் பாதி இதுதான். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஃபைல் உண்டு. உள்ளே கொடைப் பத்திரம், வாங்கிய ரசீது, பழைய க்யூரேட்டர்கள் எழுதிய கடிதங்கள், நிலை அறிக்கைகள், மங்கிய புகைப்படங்கள், யாரோ ஒரு பேராசிரியர் 1968 இல் தட்டச்சு செய்த "இது போலியாக இருக்கலாம்" என்ற ஒற்றை வரி. பொருளைப் பார்ப்பதற்கு முன்னால் ஃபைலைப் படியுங்கள், பொருளைப் பார்த்தபின் இன்னொரு முறை படியுங்கள்.

எதைத் தேட வேண்டும்? அந்தப் பொருள் செய்யப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை யார் யார் கையில் இருந்தது என்ற சங்கிலியை. சங்கிலி அறுந்திருக்கும் இடம்தான் முக்கியம். ஐரோப்பிய ஓவியம் என்றால் நாஜிகள் ஆண்ட 1933 முதல் 1945 வரை, அவர்கள் கொள்ளையடித்த காலத்தில், எங்கே இருந்தது என்று பாருங்கள். இந்தியச் சிற்பம் என்றால் இரண்டு ஆண்டுகள்: கலைப்பொருள் கடத்தலைத் தடுக்க யுனெஸ்கோ உடன்படிக்கை வந்த 1970, இந்தியாவின் தொல்பொருள் சட்டம் வந்த 1972. அமெரிக்கப் பூர்வகுடிகளின் கல்லறைப் பொருட்கள், புனிதப் பொருட்கள் என்றால் 1990 ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. 2024 ஜனவரியில் அமலுக்கு வந்த புது விதிகளின்படி அந்தச் சமூகத்தாரின் சம்மதம் இல்லாமல் அவற்றைக் காட்சிக்கு வைக்கவோ ஆய்வுக்குத் தரவோ முடியாது. அந்த விதி வந்தபோது பல இடங்களில் கண்ணாடிப் பேழைகளைத் துணி போட்டு மூடினார்கள்.

நமக்கு நெருக்கமான உதாரணம் ஆஷ்மோலியனிலேயே இருக்கிறது. 1967 இல் சோதபீஸ் ஏலத்தில் அவர்கள் ஒரு திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனி வாங்கினார்கள். பதினாறாம் நூற்றாண்டு, கையில் வாளும் கேடயமும். ஏலத்தில் முறையாக வாங்கியது, ரசீதும் இருந்தது. ஐம்பது வருஷம் கழித்து ஓர் ஆய்வாளர் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படச் சேகரத்தில் 1957 இல் எடுத்த ஒரு படத்தைக் கண்டுபிடித்தார். அதே திருமேனி, கும்பகோணம் பக்கத்தில் சுந்தரப்பெருமாள்கோவில் சௌந்தரராஜப் பெருமாள் கோவிலில். 1957 இல் கோவிலில் இருந்தது 1967 இல் லண்டன் ஏலத்துக்கு எப்படி வந்தது? இந்தக் கேள்விக்கு ரசீதில் பதில் இல்லை. 2019 இல் அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொன்னது; 2024 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மன்றம் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. வழிப்பறி செய்து அடியார்களுக்குச் சோறு போட்டதாகக் கதை சொல்லப்படும் ஆழ்வார், அவரையே ஒருவன் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்.

யேலிலும் இப்படித்தான். 2022 இல் மன்ஹாட்டன் மாவட்ட வழக்கறிஞர் அலுவலகம் அங்கிருந்து 13 பொருட்களை எடுத்துச் சென்றது. அவற்றில் பல சுபாஷ் கபூர் என்ற நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி வழியாக வந்தவை. அதே ஆண்டு சிலைக் கடத்தல் வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டு சிறைத் தண்டனை கொடுத்தது, அதே கபூருக்குத்தான்.

ஒரு தமிழ் க்யூரேட்டருக்கு இதில் சங்கடமும் உண்டு, வசதியும் உண்டு. சங்கடம், நம் ஊர்க் கோவில் மூர்த்தி பேழைக்குள் நிற்பதைப் பார்த்துக் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போகும். வசதி, பீடத்தில் தமிழ் எழுத்து இருந்தால் நமக்குப் படிக்கத் தெரியும். எங்கள் கிடங்கில் ஒரு சின்ன விளக்கின் அடியில் "அலங்காரக் கீறல்கள்" என்று பழைய பதிவில் எழுதியிருந்தது. திருப்பிப் பார்த்தேன்: உபயம் செய்தவரின் பெயர். ஊர்ப் பெயர் தேய்ந்துவிட்டது. அந்த விளக்கின் ஃபைல் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது? நேராக இயக்குநரிடம் போய்ச் சொல்லுங்கள், எழுத்தில் கொடுங்கள். நீங்களாக வெளியே யாருக்கும் மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். பல்கலைக்கழக வழக்கறிஞர்கள் உண்டு, அது அவர்கள் வேலை. ஆனால் எழுதிக் கொடுத்ததன் பிரதியை ஃபைலில் போட மறக்காதீர்கள். ஃபைலில் இருக்கும் காகிதத்தை யாரும் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

வகுப்பு: உண்மையான வேலை

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு பேராசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வரும்: "என் மாணவர்களை அழைத்து வரலாமா? தண்ணீர் சம்பந்தமாக ஏதாவது காட்டுங்கள்." வரலாற்றுத் துறையாக இருக்கலாம், மண்ணியல் துறையாக இருக்கலாம், செவிலியர் கல்லூரியாகவும் இருக்கலாம். உடனே தேடல் பெட்டியில் "தண்ணீர்" என்று தட்டாதீர்கள். அவரைக் காப்பிக்கு அழையுங்கள். அந்த வாரம் மாணவர்கள் என்ன படிக்கிறார்கள், இந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அவர்கள் என்ன எழுத வேண்டும் என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பொருட்கள் தானாக அமையும்.

அப்புறம் எண்ணிக்கை. ஒரு மணி நேர வகுப்புக்கு ஆறு, மிஞ்சிப் போனால் எட்டு. நான் என் முதல் வகுப்புக்கு இருபத்தைந்து அச்சோவியங்களை மேசை மேசையாகப் பரப்பினேன். பெருமையாகத்தான் இருந்தது. மாணவர்கள் பஸ் ஸ்டாண்ட் போஸ்டர்களைத் தாண்டிப் போவது போல வரிசையாகத் தாண்டிப் போனார்கள். வந்த வேகத்தில் முடிந்துவிட்டது. மிச்ச நேரம் நான் பேசினேன். இன்றுவரை அந்த வகுப்பை நினைத்தால் காது சூடாகும்.

ரெஜிஸ்ட்ராரிடம் பட்டியலை மூன்று வாரம் முன்னதாகக் கொடுத்துவிடுங்கள். வகுப்பன்று பைகளும் தண்ணீர்ப் பாட்டில்களும் வாசலிலேயே. ஈரக் குடையும்தான். மேசையில் பென்சில்கள், பூதக்கண்ணாடிகள். முதல் பத்து நிமிஷம் நீங்கள் பேசாதீர்கள், பேராசிரியரையும் பேசவிடாதீர்கள். இதுதான் கடினம், பேராசிரியர்களைப் பேசாமல் உட்கார வைப்பது பூனையைக் குளிப்பாட்டுவது மாதிரி. லேபிளையும் கவிழ்த்து வையுங்கள். "என்ன தெரிகிறது?" என்ற ஒரு கேள்வி போதும். "என்ன அர்த்தம்?" என்று கேட்டீர்களோ, எல்லோரும் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள்.

பார்ப்பதற்கு நேரம் கொடுப்பது சோம்பேறித்தனம் என்று உங்களுக்கே சில நாள் தோன்றும். ஹார்வர்டில் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் தன் மாணவர்களை ஒரே படத்தின் முன்னால் மூன்று மணி நேரம் உட்காரச் சொல்கிறார். யேலில் தோல் மருத்துவப் பேராசிரியர் இர்வின் பிரேவர்மனும் அருங்காட்சியகக் கல்வியாளர் லிண்டா ஃப்ரீட்லேண்டரும் சேர்ந்து மருத்துவ மாணவர்களை ஓவியங்கள் முன் நிறுத்திப் பார்த்ததை மட்டும் சொல்ல வைத்தார்கள். அந்தப் பயிற்சி பெற்றவர்கள் நோயாளியின் படத்தில் கூடுதல் விவரங்களைக் கவனித்தார்கள் என்ற ஆய்வு 2001 இல் வெளியானது. பட்ஜெட் கூட்டத்தில் "கலைத்துறை மாணவர்களுக்கு மட்டும்தானே இது?" என்று யாராவது கேட்டால் இதை எடுத்துச் சொல்லுங்கள். பட்ஜெட் கூட்டத்தில் யாராவது நிச்சயம் கேட்பார்கள்.

நான் அடிக்கடி வெளியே எடுப்பது ஸ்பானிய ஓவியர் கோயாவின் கப்ரீச்சோஸ் என்ற அச்சோவியத் தொகுப்பிலிருந்து சில படங்கள். 1799 இல் எண்பது படங்களாக வந்தது. மத்ரித்தில் ஒரு வாசனைத் திரவியக் கடையில் வைத்து விற்றார்கள். தெருவின் பெயரே "ஏமாற்றத் தெளிவு" என்று அர்த்தம் வருவது. அமிலத்தால் அரித்துச் செய்த அதே செப்புத் தகடுகளிலிருந்து பிறகும் பலமுறை அச்சிட்டார்கள், கடைசிப் பதிப்பு 1937 இல். ஒவ்வொரு முறையும் தகடு தேயும். ஆகவே முதல் பதிப்புத் தாள் ஒன்றையும் பிந்தைய பதிப்புத் தாள் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியைக் கொடுத்தால், பின்னணிக் கருமை மெல்லிய மணல் போல இருந்தது எப்படி வெளிறிப்போயிற்று என்று மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். வேதியியல் வகுப்புக்கு அது அமிலப் பாடம், பொருளியல் வகுப்புக்கு ஒரே சரக்கை எத்தனை முறை விற்கலாம் என்ற பாடம். இரண்டு தாள், ஒரு மணி நேரம் போதவில்லை.

வகுப்பு முடிந்ததும் பொருட்களை எண்ணுங்கள். மாணவர்கள் அறையை விட்டுப் போகுமுன்.

வெளிச்சம்

கண்காட்சி பற்றி இப்போது பேசலாம். முதலில் வெளிச்சத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எதை எவ்வளவு நாள் சுவரில் வைக்கலாம் என்பதை முடிவு செய்வது நம் ஆசை இல்லை, வெளிச்சம்.

வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். காகிதம், துணி, நீர்வண்ணம் எல்லாம் 50 லக்ஸுக்குள். எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை போகலாம். ஒரு தாள் ஒரு கண்காட்சியில் மூன்று நான்கு மாதம் தொங்கினால் பிறகு சில ஆண்டுகள் இருட்டில் ஓய்வு. வெளிச்சத்தால் போன நிறம் திரும்பாது. சேதம் கூட்டல் கணக்கு, கழித்தல் கிடையாது.

நம்பாதவர்களுக்கு ஹார்வர்டின் ராத்கோ கதை. மார்க் ராத்கோ ஹார்வர்டுக்காக வரைந்த ஐந்து பெரிய ஓவியங்களை 1964 இல் ஹோலியோக் மையத்தின் மேல்மாடி உணவறையில் மாட்டினார்கள். கண்ணாடிச் சன்னல்கள், நல்ல வெயில். ராத்கோ கலந்த சிவப்புகளில் லித்தால் சிவப்பு என்ற மலிவான நிறமி இருந்தது, வெயில் பட்டால் அது நிற்காது. கருஞ்சிவப்பு வெளிர் நீலமாக மாறியது. விருந்துச் சாப்பாட்டின் தெறிப்புகள் தனி. 1979 இல் கழற்றிக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். 2014 இல் புதுப்பித்த ஹார்வர்டு கலை அருங்காட்சியகங்கள் திறந்தபோது, படத்தின் மேல் தூரிகை வைக்காமல், ஒவ்வொரு புள்ளியிலும் தொலைந்த நிறத்தை மட்டும் புரொஜெக்டர் ஒளியாகப் பாய்ச்சிக் காட்டினார்கள். விளக்கை அணைத்தால் வெளிறிய படம், போட்டால் பழைய சிவப்பு. துணைவேந்தர் அலுவலகத்தில் "எங்கள் வரவேற்பறைக்கு ஒரு நல்ல படம் வேண்டும்" என்று கேட்கும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள். கேட்டுவிட்டுச் சன்னல் இல்லாத அறையைக் காட்டுவார்கள்.

மற்ற கண்காட்சிச் சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் முன்னதாகத் திட்டமிடுங்கள், வேறு இடத்திலிருந்து இரவல் வாங்க வேண்டுமென்றால் இன்னும் முன்னதாக. பேராசிரியர் பாடத்திட்டம் போடுவதற்கு முன்பே தலைப்பு அவர் காதில் விழ வேண்டும், இல்லையென்றால் வகுப்புகள் வராது. தேர்வு வாரத்திலும் கால்பந்துச் சனிக்கிழமையிலும் திறப்பு விழா வைக்காதீர்கள், பார்க்கிங் கிடைக்காது. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம். லேபிள் நூறு வார்த்தைக்குள்.

லேபிளுக்கு ஒரு சின்ன யோசனை. "இந்தப் படைப்பு அடையாளத்தின் சிக்கல்களை ஆராய்கிறது" என்று எழுதினால் அதை எந்தப் படத்தின் கீழும் ஒட்டலாம். அப்படி ஒட்ட முடிகிற லேபிளைக் கிழித்துப் போடுங்கள். கோயாவின் கீழே வாசனைக் கடையைப் பற்றி எழுதினால் படிக்கிறவர் திரும்பப் படத்தைப் பார்ப்பார்.

கொடையாளர், அப்புறம் விற்பனை

பழைய மாணவர் ஒருவர் அழைப்பார். தாத்தா சேர்த்த நாற்பது படங்கள் பரணில் இருக்கின்றன, உங்களுக்கே தருகிறேன் என்பார். குரலில் பாசம் இருக்கும். வாய் தவறிக்கூட "எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்லாதீர்கள். கொடையை ஏற்பது ஒரு குழு, அதற்கு மேல் சில இடங்களில் ஆட்சிக்குழு. நீங்கள் சொல்ல வேண்டியது: "புகைப்படம் அனுப்புங்கள், எங்கே வாங்கியது என்ற காகிதம் இருந்தால் அதையும்."

விலை மதிப்பு மட்டும் சொல்லவே கூடாது. கொடைக்கு வரிச்சலுகை கேட்பவர், மதிப்பு 5,000 டாலருக்கு மேல் என்றால், வெளியாள் ஒருவரின் முறையான மதிப்பீடு வாங்க வேண்டும். பெறுகிற நாமே மதிப்புப் போட்டால் செல்லாது. பெற்ற மூன்று ஆண்டுக்குள் நாம் அதை விற்றால் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கவும் வேண்டும். "என்றும் காட்சியில் இருக்க வேண்டும்" என்ற நிபந்தனையோடு வருவதை மரியாதையாக மறுத்துவிடுங்கள். ட்ரம்புல் எலும்புகள் நினைவிருக்கட்டும்.

விற்பனைக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்துக்குப் பணமுடை வந்தால் சிலருடைய கண் முதலில் அருங்காட்சியகத்தின் மேல் போகும். 2009 ஜனவரியில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் தன் ரோஸ் அருங்காட்சியகத்தை மூடித் தொகுப்பை விற்கப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பும் வழக்கும் கிளம்பி, 2011 இல் சமரசமாகி, அருங்காட்சியகம் பிழைத்தது. வர்ஜீனியாவில் ராண்டால்ஃப் கல்லூரி 2014 இல் ஜார்ஜ் பெல்லோஸின் துறைமுகத் தொழிலாளர் ஓவியத்தை லண்டன் நேஷனல் கேலரிக்கு 2 கோடியே 55 லட்சம் டாலருக்கு விற்றது. அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கம் தண்டித்தது. சங்கத்தின் விதி தெளிவு: படம் விற்ற காசு தொகுப்புக்குத்தான் போக வேண்டும், கட்டடக் கூரைக்கு இல்லை. வேலையில் சேர்ந்த மாதமே உங்கள் இடத்தின் தொகுப்புக் கொள்கையை வாங்கி, அதில் விற்பனை பற்றிய பக்கத்தைப் படித்துவையுங்கள். கொள்கை எழுத்தில் இல்லை என்றால் அதை எழுத வைப்பது உங்கள் முதல் ஆண்டு வேலை. கண்காட்சி கூடக் காத்திருக்கலாம்.

மாறாக, தைரியமாகப் பொருளை வெளியே விடும் இடங்களும் உண்டு. ஓபர்லின் கல்லூரியின் ஆலன் அருங்காட்சியகம் 1940 முதல் மாணவர்களுக்கு உண்மையான ஓவியங்களை விடுதி அறைக்கு வாடகைக்கு விடுகிறது, ஒரு பருவத்துக்கு ஐந்து டாலர். முந்தின இரவே வாசலில் படுத்துக் கிடப்பார்கள், பொங்கலுக்கு ரயில் டிக்கெட் எடுக்கக் காத்திருந்த காலம் போல. எங்கள் ரெஜிஸ்ட்ராரிடம் இதைச் சொன்னேன். ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. "நான் ஓய்வு பெற்ற பிறகு" என்றார்.

ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் ஐந்து நிமிஷம்

கடைசியாக ஒரு பழக்கம். வகுப்பு முடிந்து பெட்டியை மூடியதும் ஃபைலில் ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள்: தேதி, பாடம், எத்தனை பேர், எந்தப் பொருளுக்கு முன்னால் அதிக நேரம் நின்றார்கள், யார் என்ன கேட்டார்கள். உங்கள் பெயரின் முதலெழுத்து.

என்னுடைய ஒரு சீட்டு இப்படி: "தாவரவியல், இரண்டாமாண்டு, 14 பேர். பூச்செடி அச்சுப்படம். ஒரு மாணவி: 'இலைகள் எதிரெதிரே இருக்கின்றன, ஆனால் நீங்கள் சொல்லும் செடிக்கு மாறி மாறித்தானே வரும்?' சரிபார்க்க வேண்டும்."

சரிபார்த்தோம். அவள் சொன்னதுதான் சரி. பதிவில் செடியின் பெயரை மாற்றிவிட்டோம். பழைய பெயரும், அதைத் தப்பாக எழுதியவரின் கையெழுத்தும், அவளுடைய கேள்வியும் ஒரே ஃபைலில் இருக்கின்றன.